இருநூற்றுப் பதினாலாம் கொழுக்கி

போட்டியில்லாத விழா அது. முதலாம் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு ஒன்றும் கிடையாது, நடுவர்கள் கிடையாது, மேடையில் ஏறி நன்றி சொல்லி அழுகிறவர்களும் கிடையாது. ஒஸ்லோவில் நவம்பர் மாதம், பின்னேரம் மூன்றரைக்கே பொழுதுபட்டு, சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ட்ராமில் ஏறி இறங்குகிற அந்த நாட்களில், ஒரு பழைய தியேட்டரின் மூன்று மண்டபங்களில் பத்து நாளைக்கு உலகத்தின் மூலைமுடுக்குகளில் இருந்தெல்லாம் வந்த படங்களைப் போடுவார்கள், வந்தவர்கள் பார்ப்பார்கள், சூப் குடிப்பார்கள், கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பரிசில்லாத விழாவுக்கு என்னத்துக்குப் போகினம் என்று எங்கட தமிழ்ச் சங்கத்து ஆட்கள் என்னைக் கேட்காத வருசம் இல்லை. நான் அங்கே பதினெட்டு வருசமாகக் கோப்பி ஊற்றுகிறவள். என் பெயர் சுகிர்தமலர். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்லுவார்கள், அது உண்மைதான்.

விழாவை நடத்துகிறவ இங்கெபோர்க் என்ற ஒரு மெலிந்த மனுசி. அவவின் தகப்பன் காலத்தில் இருந்தே அங்கே ஒரு கட்டளை உண்டு: ஆளில்லாத மண்டபத்தில் படம் ஓடக்கூடாது. எவனோ ஒருத்தன் எத்தனையோ வருசம் கஷ்டப்பட்டு எடுத்து அனுப்பியிருக்கிறான், ஒரு சோடிக் கண்ணாவது அதைப் பார்க்க வேண்டும். அதனால் ஒரு டிக்கெட்டும் போகாத படத்துக்கு, வேலை செய்கிறவர்களில் ஒருவர் போய்ப் பின்வரிசையில் இருக்க வேண்டும், கடைசி எழுத்தும் ஏறி மறைந்து லைட் போடும்வரை எழும்பக்கூடாது. மற்றவர்களுக்கு அது தண்டனை. அந்தத் தண்டனையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுகிற ஒரே ஆள், கோட்டுகள் கொழுவுகிற இடத்தில் நின்ற அருந்தவராசா அண்ணை.

அவர் எனக்கும் முந்தி வந்தவர். இருபத்தாறு வருசத்துக்கு முதல், கட்டின மனுசி ஊரில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, எட்டு வயது மகளை மனுசியின் தமையனோடு கனடாவுக்கு அனுப்பிவிட்டு, பின்னால் தானும் போய்ச் சேருவேன் என்று வெளிக்கிட்ட மனுசன், வழியில் ஒஸ்லோவில் பிடிபட்டு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டார். அகதி வழக்கு இழுபட்டது. ஒரு வருசம் இல்லை, இரண்டு வருசம் இல்லை, பதினேழு வருசம் இழுபட்டது. அந்தக் காலத்தில்தான் சூப் கிடைக்கும், வெக்கையாகவும் இருக்கும் என்று விழாவுக்குத் தொண்டனாக வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் மயூரதியோடு போனில் கதைப்பார், விழா நாட்களில் ஆளில்லாத மண்டபத்தில் இருந்து யாரும் பார்க்காத படங்களைப் பார்ப்பார். இப்படி எத்தனை நூறு படம் பார்த்திருப்பாரோ, அவருக்கே கணக்குத் தெரியாது.

ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டு இருந்தது. யாரோ ஒரு பெண் விட்டுவிட்டுப் போனது. மூன்று வருசம் ஒருவரும் கேட்டு வராததால் இங்கெபோர்க் அதை நீயே எடுத்துக்கொள் என்று அண்ணைக்குக் கொடுத்தா. மயூரதிக்கு அப்போது பதினாறு வயது. வளர்ந்தால் அளவாயிருக்கும், நான் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பேன், அதுவரைக்கும் அவளுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையில் இருநூற்றுப் பதினாலாம் கொழுக்கியில் கொழுவி வைத்தார். மூன்றாம் மண்டபத்தில் ஹீட்டர் சரியாக வேலை செய்யாது, அங்கே போய் இருக்க நேர்ந்தால் மட்டும் அந்தக் கோட்டை எடுத்துப்போய் மடித்து மடியில் வைத்துக்கொள்ளுவார். ஒரு நாளும் போட்டது கிடையாது.

பதினொரு வருசத்துக்கு முதல் மயூரதிக்குக் கல்யாணம் நடந்தது. இவரிடம் விசாவும் இல்லை, ஒன்றும் இல்லை, எப்படிப் போவார்? அங்கே டொரொண்டோவில் தாலி கட்டுகிற நேரம் இங்கே பின்னேரம் ஐந்து மணி, அந்த நேரத்துக்கு மூன்றாம் மண்டபத்தில் ஆளில்லாமல் ஒரு படம் இருந்தது, நான் போறன் தங்கச்சி என்று கோட்டையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தார். வந்தவர் ஒரு கோப்பி கேட்டார், குடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு போன் எடுத்தார், மகள் தூக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இரண்டு வருசம் கழித்து விசா கிடைத்தது, கடவுச்சீட்டும் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, போனைத் தூக்காத பிள்ளையின் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்று அவர் ஒஸ்லோவை விட்டு ஓர் அடியும் அசையவில்லை. இது எனக்குத் தெரியும், ஏனென்றால் பதினெட்டு வருசமும் அவருக்கு எதிரில் நின்றவள் நான்.

போன வருசத்துக்கு முந்தின வருசம், விழாவின் முதல் நாள், முதல் படம் கிர்கிஸ்தானில் இருந்து வந்தது. ஆட்டுச் சந்தை ஒன்றைப் பற்றிய படம். விலை பேசுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு மர வாங்கில், மடியில் பச்சைக் கோட்டோடு, அருந்தவராசா அண்ணை இருந்தார்.

இரண்டாவது படம் பொலிவியா, மலைமேல் ஒரு பஸ் நிலையம், அங்கேயும் பின்னால் இருந்தார். மூன்றாவது போர்த்துக்கல்லில் ஒரு செத்தவீடு, அழுகிறவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தார். போலந்தில் ஓர் ஆஸ்பத்திரி நடைவழியில் இருந்தார், செனகலில் படகு கட்டுகிற கரையில் கவிழ்த்துப்போட்ட ஒரு வாளியின் மேல் இருந்தார். கமராவைப் பார்க்கவில்லை, ஒன்றும் கதைக்கவில்லை, யாரோ ஒருவர் வந்து கூப்பிடும்வரை காத்திருக்கிற ஆளின் முகத்தோடு சும்மா இருந்தார். மூன்றாம் நாள் முடிய இருபத்தொரு படங்களில் ஆள் இருந்தார்.

நோர்வேஜியர் ஒன்றுக்கும் பதகளிப்படுகிற சனமில்லை. இங்கெபோர்க் அவரைக் கூப்பிட்டு, "பயணம் போவதென்றால் சொல்லியிருக்கலாமே, வேலை நேரத்தை மாற்றித் தந்திருப்பேனே" என்றா, அவ்வளவுதான். படம் எடுத்தவர்கள் வந்தபோது அவர்களிடமும் கேட்டுப்பார்த்தோம். பொலிவியாக்காரர், "ஓ, அவரா, இரண்டாம் நாள் வந்தார், ஊர் ஆள் என்று நாங்கள் நினைத்தோம், எங்கள் ஆள் என்று ஊர் நினைத்தது, சாப்பாடு கொடுத்தோம், மிகவும் மரியாதையான மனுசன்" என்றார். செனகலில் இருந்து வந்த பெண், தன் மகன் அவர் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டதைச் சொல்லி, கோட்டு கொழுவுகிற இடத்துக்கே போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அண்ணை அவளின் கோட்டுக்கு இலக்கத் தகட்டை நீட்டினார், வேறென்ன செய்வார்?

பார்வையாளர்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார்கள். பென்சன் எடுத்த கிழவிகள் கோட்டைக் கொடுக்கும்போது அந்தப் பஸ் நிலையத்தில் குளிர் எப்படி என்று விசாரித்தார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வகுப்பையே கூட்டிவந்து, எந்தெந்த நாட்டில் அவர் இருக்கிறார் என்று உலகப்படத்தில் அடையாளம் போடச் சொன்னார். பத்திரிகையில் காலநிலைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியில் அன்றைக்கு எத்தனை படத்தில் இருந்தார் என்று போட்டார்கள். ஆனால் வில்லங்கம் வேறு பக்கத்தால் வந்தது. தன் படத்தில் அவர் இல்லை என்று பெல்ஜியத்தில் இருந்து வந்த ஒரு பிரபலமானவருக்கு முகம் கறுத்துப்போய், நேரே போய், "என் படத்தில் உமக்கு என்ன குறை?" என்று கேட்டுவிட்டார். பரிசில்லாத விழாவில் அப்படி ஒரு பரிசு முளைத்தது இங்கெபோர்க்குக்குப் பிடிக்கவில்லை. வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினா: 'திரு. அருந்தவராசா ஒரு படத்தில் இருப்பதோ இல்லாமல் இருப்பதோ அதன் தரத்தைக் குறிக்காது.'

எங்கட ஆட்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? கோயில் தலைவர் போன் எடுத்து, பொலிவியாவில் பிள்ளையார் கோயில் ஏதும் கண்டவரோ என்று கேட்டார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் புவியியல் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். சாமான் கடையில் நின்ற இரண்டு பேர், அவர் ஆள் கடத்துகிற ஏஜென்சிக்கு வேலை செய்கிறார் என்று எனக்குக் காது கடித்தார்கள், நான் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்கு நல்லாய்க் கொடுத்தேன். படத்தில் அவர் இருக்கிற காட்சியை எவனோ போனில் பிடித்து வாட்ஸப்பில் விட, அது ஒஸ்லோவில் இருந்து லண்டனுக்கும் பாரிசுக்கும் டொரொண்டோவுக்கும் போனது.

அண்ணை மட்டும் இதில் சந்தோசப்படவில்லை. வேலை ஓய்ந்த நேரத்தில் மண்டபத்தின் கதவுச் சீலையை விலக்கி நின்று தன்னைத் தானே பார்ப்பார். ஒரு நாள் நானும் பக்கத்தில் போய் நின்றேன். செனகல் படம். படகுக்காரர்கள் ஒரு தட்டில் சோற்றை வைத்து அவருக்கு நீட்டினார்கள், அவர் அவர்களோடு சேர்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டார்.

"பாருங்கோ தங்கச்சி, அவருக்கு எவ்வளவு ஆக்கள்" என்றார்.

அவருடைய அறையை நான் கண்டிருக்கிறேன், ஒரு கோப்பை, ஒரு கரண்டி. என்னுடைய வீட்டிலும் அப்படித்தான், கட்டின மனுசன் பேர்கனில் வேறு குடும்பம், மகன் லண்டனில். ஆனால் நான் வாயால் சமாளித்துவிடுவேன். அவருக்கு அந்த வாயும் இல்லை.

ஏழாம் நாள் பின்னேரம் இரண்டு மணி இருக்கும். அண்ணை என் கவுண்டருக்கு எதிரே உயரக் கதிரையில் கோப்பியோடு இருந்தார், போன் அடித்தது. இலக்கத்தைப் பார்த்ததும் கோப்பியைத் தள்ளி வைத்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார், அதனால் எல்லாம் எனக்கும் கேட்டது.

"அப்பா" என்றாள் மயூரதி. ஒன்பது வருசத்துக்குப் பிறகு.

"பிள்ளை."

"உலகம் முழுக்கத் திரியிறியளாம். எல்லாரும் படம் அனுப்புகினம். அதே பச்சைக் கோட்டோடை."

"நான் ஒரு இடமும் போகேல்லையம்மா. இஞ்சைதான் இருக்கிறன். அது நானில்லை."



"நீங்களும் இல்லையெண்டு சொல்லாதேங்கோ அப்பா" என்றாள். "இல்லையெண்டதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு." போனை வைத்துவிட்டாள். அவர் திரும்ப எடுத்தார், தூக்கவில்லை. பிறகும் எடுத்தார், தூக்கவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார், ஒரு பெண் கோட்டைக் கேட்டு வந்து நிற்பதையும் காணவில்லை.

கோட்டை நான் போய் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்கு அந்தச் சொல் தைத்தது. அதே பச்சைக் கோட்டு என்றாளே, எந்த அதே? மகளுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடமே சத்தியம் வாங்கின கோட்டை அவள் முந்தி எங்கே கண்டாள்? விழாப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் இருந்து கடைசிவரை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசி நாள், காலை பதினொரு மணி, மூன்றாம் மண்டபம். கனடாப் படம். டொரொண்டோவில் ஒரு விருந்து மண்டபத்தில் கதிரை அடுக்குகிற ஒரு தொழிலாளியைப் பற்றியது, ஒன்பது வருசம் முடிக்கப்படாமல் கிடந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று போட்டிருந்தது. இங்கெபோர்க்கிடம் போய்க் கேட்டேன். ஒரு டிக்கெட்டும் போகவில்லை.

"அருந்தவராசா போய் இருப்பார்" என்றா.

"நானும் போகிறேன்" என்றேன். கோப்பிக் கவுண்டரை நான் மூடிய முதல் நாள் அதுதான்.

முப்பத்தெட்டு இருக்கை உள்ள மண்டபத்தில் பின்வரிசையில் நாங்கள் இரண்டு பேர். அவர் மடியில் கோட்டு. படம் மெல்ல நகர்ந்தது, மெல்ல என்றால் அப்படி ஒரு மெல்ல. அந்தத் தொழிலாளி கதிரைகளை விரிக்கிறான், வெள்ளைச் சீலை போர்க்கிறான், ரிப்பன் கட்டுகிறான், ஒரு கொண்டாட்டம் நடக்கிறது, பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து அடுக்குகிறான், திரும்பவும் விரிக்கிறான். பிறந்தநாள் ஒன்று வந்து போனது, தேவாலயக் கூட்டம் ஒன்று வந்து போனது, யாரோ ஒரு முதலாளியின் பிரியாவிடை வந்து போனது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனபிறகு வாழைமரம் கட்டினார்கள், மணவறை வைத்தார்கள், மேளச் சத்தம் கேட்டது.

மயூரதி கூறைச் சீலையோடு மணவறையில் இருந்தாள். எட்டு வயதில் அனுப்பின பிள்ளை.

கமரா மண்டபத்தின் கடைசியில் கதிரை அடுக்குகளுக்குப் பக்கத்தில் நின்றது. கடைசி வரிசையில் அவர் இருந்தார். ஒன்பது வருசம் இளமை, தலைமயிர் கறுப்பு, மடியில் அந்தக் கோட்டு. தாலி கட்டி முடிந்தது. சனங்கள் மேடைக்கு வரிசையாகப் போனார்கள், சங்கிலி போட்டார்கள், காப்பு போட்டார்கள், பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள். அப்போது மயூரதி திரும்பினாள். அத்தனை தலைகளுக்கு மேலால் கடைசி வரிசையைப் பார்த்தாள், கண்டாள், கண்டுவிட்டாள் என்பது அந்தத் தூரத்திலும் தெரிந்தது. அவர் எழும்பினார். மேடையைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்களின் கைகளைப் பார்த்தார், குனிந்து தன் கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு கோட்டை இன்னும் ஒருதரம் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கதிரை கொண்டுவருகிற பக்கக் கதவை நோக்கித் திரும்பினார்.

"போகாதை" என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். சத்தமாகத்தான் சொன்னார். "எங்கையடா போறாய்? மேடைக்குப் போ. பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறாள், போடா."

படத்தில் இருந்தவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். மயூரதி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு முன்னால் ஒரு மனுசி மோதிரப் பெட்டியை நீட்டியபடி நின்றா. தொழிலாளி கதிரைகளை அடுக்கத் தொடங்கினான். அண்ணை அழுதார், குலுங்கிக் குலுங்கி அழுதார், ஆனால் எழும்பவில்லை. கட்டளை கட்டளைதான். பேர்கள் எல்லாம் ஏறி மறைந்து லைட் போட்ட பிறகுதான் எழும்பினார்.

வெளியே வந்து அதே உயரக் கதிரையில் இருந்து போன் எடுத்தார். அங்கே விடிய ஏழு மணி. முதல்தரம் தூக்கவில்லை. இரண்டாம்தரம் தூக்கினாள்.

"பிள்ளை, நான் வந்தனான்" என்றார் அண்ணை. "உன்ரை கலியாணத்துக்கு வந்தனான். கடைசி வரிசையிலை இருந்தனான். நீ என்னைக் கண்டனீ. நான் எழும்பிப் போனது பிழை."

அந்த நேரம் அவர் எங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் ஊற்றிக் கொடுத்த கோப்பி ஆறிப்போனதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் சொன்னது பொய் என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மாமா எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டவர்" என்றாள் மயூரதி. "மாமி கண்ணூறு எண்டு சொல்லிக் கழிச்சவ. இவரும் நம்பேல்லை. அப்பா வந்தவர், பச்சைக் கோட்டோடை இருந்தவர் எண்டு நான் எத்தினை பேருக்குச் சொன்னன். வராமல் விட்டதுக்கு நான் கோவிக்கேல்லை அப்பா. விசா இல்லாமல் எப்பிடி வருவியள், அது எனக்கு விளங்கும். வந்திட்டுக் கதைக்காமல் போனியளே, அதுதான். ஏன் போனனீங்கள்?"

அண்ணை கோட்டின் கைப்பக்கத்தைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"எல்லாரும் நகை போட்டினம்" என்றார். "என்னட்டை இந்தப் பழைய கோட்டுத்தான் இருந்தது. ஆரோ விட்டிட்டுப்போன கோட்டு. அதைக் கொண்டு எப்பிடி மேடையிலை ஏறுறது எண்டு வெக்கமாய்ப் போச்சு, பிள்ளை."

"எனக்கோ கொண்டுவந்தனீங்கள்?"

"உனக்குத்தான். உனக்கெண்டு வைச்சது."

"இப்பவும் இருக்கோ?"

"இருக்கு. இருநூற்றிப் பதினாலிலைதான் இவ்வளவு காலமும் கொழுவி வைச்சனான்."

அவளுக்கு அந்த இலக்கம் என்ன விளங்கியிருக்கும்? "அப்ப கொண்டுவாங்கோ" என்றாள். "இஞ்சை குளிர் தொடங்கீட்டுது."

அவர் தைப்பொங்கலுக்கு முதல் கிழமை வெளிக்கிட்டார். விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன், கோட்டைப் பெட்டிக்குள் வைக்கச் சம்மதிக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு படம் அனுப்பினார்: மயூரதி அந்தப் பச்சைக் கோட்டோடு பனிக்குள் நிற்கிறாள், கை கொஞ்சம் குட்டை, அவிழ்த்து நீட்டலாமாம். இரண்டு கிழமை என்று போனவர் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எனக்குப் போன் எடுப்பார். எனக்குச் சந்தோசம், மனதாரச் சந்தோசம், ஆனால் அந்த உயரக் கதிரை என் கண்ணுக்கு முன்னால் வெறுமையாய்க் கிடக்கிறபோது யாரோடு சண்டை பிடிக்கிறது என்று தெரியாமல் இருக்கிறது.

போன நவம்பரில் விழா வந்தது. இருநூற்றுப் பதினாலில் யாருடையவோ ஒரு குடை தொங்கியது. இங்கெபோர்க் என்னைக் கூப்பிட்டு, மூன்றாம் மண்டபத்தில் லித்துவேனியாப் படத்துக்கு ஒருவரும் இல்லை, நீ போய் இருப்பாயா என்றா. கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு போனேன். ஊர் மண்டபம் ஒன்றில் சனங்கள் நடனம் பழகுகிற படம். பின்னால் ஒரு கதிரை இருந்தது, நடுவில் இல்லை, ஓரமாக, யாரோ இருந்துவிட்டு இப்போதுதான் எழும்பிப்போன மாதிரி. ஆடுகிறவர்கள் அதில் முட்டாமல் சுற்றி ஆடினார்கள், களைத்தபோதும் ஒருவரும் அதில் இருக்கவில்லை. அண்ணையைத் தேடினேன், இல்லை. அவர் இல்லாததுதான் நல்லது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் தேடினேன். குளிர் ஏறியது. சால்வையைப் போர்க்காமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த வெறும் கதிரையைப் பார்த்தபடி, லைட் போடும்வரை இருந்தேன்.